ட்ரெய்னிங் நடுவுல பிரேக்: யூ.கே.ல கிளினிக்கல் அகாடமிக் ரூட்ல இருக்கற சென்னை டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைல எம்.பி.பி.எஸ் முடிச்சு, பிளாப் (வெளிநாட்டு டாக்டர்களுக்கான யூ.கே. தகுதித் தேர்வு) எழுதி, யூ.கே.ல ஸ்பெஷாலிட்டி ட்ரெய்னிங் சேர்ந்து, அதுலயும் ரிசர்ச் பக்கம் கால் வச்சவங்களுக்காக எழுதினது இது. நானும் அந்த வழியா போய், நடுவுல ரெண்டு தடவ ட்ரெய்னிங்க விட்டு வெளிய வந்து (ஒண்ணு பிஎச்டிக்கு, ஒண்ணு குழந்தைக்கு) முடிச்சிட்டு இப்போ சென்னைலதான் இருக்கேன். ஜூனியர்ஸ் போன் பண்ணி "அக்கா ஒரு சின்ன டவுட்"னு ஆரம்பிச்சா முக்கால்வாசி இதுல ஒண்ணுதான். கடைசில, இங்கயே பிஜி படிக்கறவங்க கேக்கறதுக்கும் கொஞ்சம் எழுதியிருக்கேன்.

கிளினிக்கல் அகாடமிக்னா என்ன? சாதா ரெஜிஸ்ட்ராருக்கும் (ஸ்பெஷாலிட்டி ட்ரெய்னிங்ல இருக்கற டாக்டர்) இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?

வார்டும் பாக்கணும், ரிசர்ச்சும் பண்ணணும், ரெண்டுக்கும் ட்ரெய்னிங் உண்டு. 2005ல வால்போர்ட் ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் இங்கிலாந்துல இதுக்குன்னு தனி ரூட் போட்டாங்க. முதல்ல அகாடமிக் கிளினிக்கல் ஃபெல்லோ, ஏசிஎஃப்ன்னு சொல்லுவாங்க, 3 வருஷம் (ஜிபிக்கு, அதாவது குடும்ப டாக்டர் ட்ரெய்னிங்குக்கு, 4), அதுல 25% நேரம் ரிசர்ச், 75% வார்டு. அந்த நேரத்துல பிஎச்டிக்கு ஃபண்டிங் தேடணும். பிஎச்டி முடிச்சு திரும்பினா கிளினிக்கல் லெக்சரர், 4 வருஷம் வரை, பாதி பாதி. ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல வேற பேர்ல இதே மாதிரி இருக்கு.

நடுவுல வர்ற அந்த பிஎச்டிதான் நம்ம விஷயம். அதுக்காக ட்ரெய்னிங் ப்ரோக்ராம விட்டு வெளிய வந்தே ஆகணும், அதனால இந்த ரூட்ல பிரேக்ங்கறது ஆரம்பத்துலயே கணக்குல சேர்ந்தது. உங்க நங்கநல்லூர் பெரியப்பா கிட்ட "பெயில் ஆகல பெரியப்பா, படிப்புல இது ஒரு பார்ட்டு"ன்னு சொல்லிடுங்க. நம்ப மாட்டார், ஆனா சொல்லிடுங்க.

எத்தன வகையா வெளிய வரலாம்?

எல்லாத்துக்கும் பொதுப்பேர் ஓஓபி, ப்ரோக்ராமுக்கு வெளிய இருக்கற காலம்னு அர்த்தம். விதிகள் எல்லாம் கோல்ட் கைடுங்கற புத்தகத்துல இருக்கு, யூ.கே.வோட நாலு நாட்டு டீனரியும் (ட்ரெய்னிங்க நடத்தற அமைப்பு) அத வச்சுத்தான் பேசுவாங்க. ரிசர்ச்சுக்கு போனா ஓஓபிஆர், 3 வருஷம் வரை, நாலாவது வருஷம் வேணும்னா தனியா காரணம் சொல்லி கேக்கணும். வேற எடத்துல கிளினிக்கல் ட்ரெய்னிங் எடுத்தா ஓஓபிடி. ட்ரெய்னிங் கணக்குல சேராத அனுபவத்துக்கு, உதாரணத்துக்கு வெளிநாட்டுல ஒரு மருத்துவமனைல வேல பாக்கப் போனா, ஓஓபிஇ. குடும்பம், உடம்பு, வேற காரணம்னா கேரியர் பிரேக், ஓஓபிசி, 2 வருஷம் வரை. அப்புறம் பாஸ்னு ஒண்ணு, ஓஓபிபி, ட்ரெய்னிங்க நிறுத்தி வச்சிட்டு சாதா என்எச்எஸ் (அங்க அரசு மருத்துவ சேவை) வேல பாத்துட்டு வர்றதுக்கு.

பிரசவ லீவும் நீண்ட சிக் லீவும் இந்த லிஸ்ட்ல வராது. அது சட்டப்படி உங்க உரிமை, அதுக்கு யார்கிட்டயும் ஓஓபி ஃபார்ம் போட்டு பர்மிஷன் கேக்க வேணாம். இத குழப்பிக்கிட்டு கர்ப்பமா இருக்கும்போது ஓஓபிசி ஃபார்ம் நிரப்பிட்டு உக்காந்திருந்த ஒரு பொண்ண எனக்கு தெரியும், நல்ல வேள அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டா.

எப்போ கேக்கணும்?

ட்ரெய்னிங் சேர்ந்த முதல் வருஷம் பொதுவா தர மாட்டாங்க. எம்ப்ளாயருக்கும் டீனரிக்கும் குறைஞ்சது 3 மாசம் முன்னாடி சொல்லணும்னு விதி. ஆனா 3 மாசத்துல எதுவும் நடக்காது, ஃபண்டிங்குக்கு அப்ளை பண்ணும்போதே டிபிடிக்கு, அதாவது ட்ரெய்னிங் ப்ரோக்ராம் டைரக்டருக்கு, "கெடச்சா அக்டோபர்ல போலாம்னு இருக்கேன்"னு ஒரு மெயில் போட்டு வைங்க. அவங்களுக்கும் ரோட்டால (டூட்டி அட்டவணைல) ஆள் நிரப்பணும், நீங்க ஜூலைல போய் ஆகஸ்ட்ல கெளம்பறேன்னா யாருக்கா இருந்தாலும் கடுப்பாகும்.

யார் யார்கிட்ட சொல்லணும்?

இதத்தான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றேன். உங்க விஷயத்துல மூணு கணக்கு தனித்தனியா ஓடும்: ட்ரெய்னிங் கணக்கு டீனரி கிட்ட, பணக் கணக்கு ஃபண்டர், யூனிவர்சிட்டி கிட்ட, விசா கணக்கு ஸ்பான்சர் கிட்ட. மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்க. டீனரி ஓகே சொன்னதும் எல்லாம் ஓகேன்னு நெனச்சு பொட்டி கட்டறவங்கதான் மாட்டிக்கறாங்க. இங்கிலீஷ்காரப் பசங்களுக்கு ரெண்டு கணக்குதான், அதனால உங்க சீனியர் ரெஜிஸ்ட்ரார் "ஈஸி, ஒரு ஃபார்ம்தான்"னு சொல்றது அவருக்கு உண்மை, உங்களுக்கு பாதி உண்மை.

ஒரு தேதிய எடுத்துக்கோங்க. ஃபெல்லோஷிப் லெட்டர்ல 1 அக்டோபர் ஆரம்பம்னு இருக்கு, டீனரி அப்ரூவல்ல ஆகஸ்ட் முதல் புதன்கிழமைன்னு இருக்கு (அங்க டாக்டர்கள் மாறற நாள் அதுதான்), யூனிவர்சிட்டி எச்ஆர் நவம்பர்லதான் காண்ட்ராக்ட் அனுப்பறாங்க. இப்போ ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரை நீங்க யாரோட ஆளு? சம்பளம் யாரு தருவா, விசா யார் பேர்ல? இந்த மூணு தேதியும் ஒண்ணா வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க. ஒரே மெயில்ல மூணு பேரையும் சிசி போட்டு "இதான் தேதி, சரியா"ன்னு கேளுங்க, அவங்க பதிலே போடலன்னாலும் அந்த மெயில் பின்னாடி உதவும்.

சிசிடி தேதி தள்ளிப் போகுமா?

போகும். சிசிடிங்கறது ட்ரெய்னிங் முடிச்சதுக்கான சர்ட்டிபிகேட், அத வச்சுத்தான் ட்ரெய்னிங் வழியா வர்றவங்க கன்சல்டன்ட் ஆவாங்க. உங்க சிசிடி ஆகஸ்ட் 2027ன்னு வச்சுப்போம், 3 வருஷம் ஓஓபிஆர் போனா ஆகஸ்ட் 2030. அந்த 3 வருஷத்துல கிளினிக், ஆன்கால் பாத்து, அதுல 6 மாசத்த ட்ரெய்னிங் கணக்குல சேக்கணும்னா, போறதுக்கு முன்னாடியே உங்க ஸ்பெஷாலிட்டியோட ராயல் காலேஜ் சப்போர்ட்டோட ஜிஎம்சி (அங்க மெடிக்கல் கவுன்சில்) அப்ரூவல் வாங்கியிருக்கணும். அப்போ பிப்ரவரி 2030. போயிட்டு வந்து "நான் அங்க எண்டோஸ்கோபி எல்லாம் பண்ணேனே, சேத்துக்கோங்க"ன்னா வேலைக்கு ஆகாது. இந்த ஒரு ஃபார்ம விட்டவங்க எண்ணிக்கைய நெனச்சா வயிறு எரியுது.

இன்னொண்ணு, வருஷத்துல 14 நாளுக்கு மேல ட்ரெய்னிங்ல இல்லன்னா (ஆனுவல் லீவ், ஸ்டடி லீவ் இதுல சேராது) தேதிய தள்ளணுமான்னு ஏஆர்சிபி பேனல் (வருஷா வருஷம் உங்க ட்ரெய்னிங் முன்னேற்றத்த மதிப்பிடற குழு) பாக்கணும். 2013லேருந்து இருக்கற ஜிஎம்சி விதி. தள்ளியே ஆகணும்னு இல்ல, பாக்கணும்னுதான், காம்பிடன்ஸ் எல்லாம் சரியா இருந்தா விட்டுடவும் செய்வாங்க.

வெளிய இருந்தாலும் வருஷா வருஷம் ஏஆர்சிபி உண்டு, அவுட்கம் 8னு, அதாவது ப்ரோக்ராமுக்கு வெளிய இருக்கீங்கன்னு, தருவாங்க. சூப்பர்வைசர் ரிப்போர்ட்டும் ஃபார்ம் ஆரும் (நீங்க நிரப்பற சுய அறிவிப்பு) அனுப்பலன்னா அதுவும் வராது, ரீவேலிடேஷனும் (ஜிஎம்சி லைசென்ஸ புதுப்பிக்கறது) இதுலதான் தொங்குது.

சம்பளம் கொறையுமா?

கொறையும். வெல்கம், எம்ஆர்சி, என்ஐஎச்ஆர் மாதிரி ரிசர்ச்சுக்கு பணம் தர்ற அமைப்புகளோட பெரிய ஃபெல்லோஷிப்ல என்எச்எஸ் ஸ்கேல்லயே பேசிக் சம்பளம் தருவாங்க, ஆனா நைட்டு, வீக்கெண்ட், ஆன்காலுக்கு வந்துட்டு இருந்த பணம் போயிடும். இங்க ஈஎம்ஐ கட்டறவங்க, அப்பாம்மாவுக்கு மாசா மாசம் அனுப்பறவங்க, அந்த பேசிக்க மட்டும் வச்சு ஒரு மாசம் வாழ்ந்து பாத்துட்டு அப்புறம் முடிவெடுங்க. லோக்கம் (தற்காலிக ஷிஃப்ட்) பாத்து ஈடுகட்டலாம்னா ஃபண்டர் எவ்ளோ மணி நேரம் அனுமதிப்பாங்க, விசா அனுமதிக்குதான்னு ரெண்டையும் பாக்கணும். ஒரு நல்ல விஷயம், இங்கிலாந்துல ட்ரெய்னி டாக்டர்களோட 2016 காண்ட்ராக்ட்ல இருக்கறவங்க பிஎச்டி முடிச்சு ட்ரெய்னிங்குக்கு திரும்பும்போது அகாடமிக் ப்ரீமியம்னு கூடுதல் பணம் உண்டு, அது தானா வராது, நீங்கதான் பேரோல்ல கேக்கணும்.

பென்ஷனும் கேளுங்க. யூனிவர்சிட்டி ஆளா மாறினாலும் என்எச்எஸ் பென்ஷன்லயே தொடர பல எடத்துல வழி இருக்கு. நோயாளிகள பாக்க மருத்துவமனைல ஹானரரி (சம்பளமில்லாத) காண்ட்ராக்ட்டும் வாங்கணும்.

விசா?

ட்ரெய்னிங்ல இருக்கும்போது ஒரு ஸ்பான்சர், பிஎச்டிக்கு யூனிவர்சிட்டி சம்பளம் குடுத்தா ஸ்பான்சர் யூனிவர்சிட்டி. ஸ்கில்டு வொர்க்கர் விசால வேற எம்ப்ளாயருக்கு மாறினா புதுசா அப்ளை பண்ணி, அப்ரூவல் வந்த பிறகுதான் அங்க வேல ஆரம்பிக்கணும். திரும்பி ட்ரெய்னிங்குக்கு வரும்போது இன்னொரு தடவ. பெரிய ஃபெல்லோஷிப் கெடச்சா குளோபல் டேலண்ட் விசாவுக்கு போக முடியுமான்னு பாருங்க, அதுல எம்ப்ளாயர் ஸ்பான்சர் தேவையில்ல, மாறறது நிம்மதி. முடிஞ்சா நான் அதத்தான் சொல்லுவேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன், சென்னைல 3 மாசம் இருக்கணும். ஓஓபிசி போடலாமா?

டீனரி கணக்குப்படி போடலாம், மனுஷங்க நல்லவங்க, பெரும்பாலும் தருவாங்க. ஆனா விசா கணக்குல இடிக்கும். ஸ்பான்சர் விசால இருக்கறவங்க ஒரு காலண்டர் வருஷத்துல 4 வாரத்துக்கு மேல சம்பளமில்லாத லீவ்ல போனா ஸ்பான்சர்ஷிப்ப நிறுத்த வேண்டி வரும், பிரசவம், சிக் லீவ் மாதிரி சிலதுக்குத்தான் விதிவிலக்கு. கோல்ட் கைடு படிச்சா இது தெரியாது, அதுல விசா பத்தின ஆபத்த உங்களுக்காக விளக்க மாட்டாங்க. மயிலாப்பூர்ல அப்பா பக்கத்துல உக்காந்துட்டு இருக்கும்போது "உங்க ஸ்பான்சர்ஷிப் ரத்து"ன்னு மெயில் வந்தா எப்படி இருக்கும்.

அதனால முதல்ல ஆனுவல் லீவ் எவ்ளோ பாக்கி, கம்பேஷனேட் லீவ் எத்தன நாள்னு கூட்டிப் பாருங்க. பிஎச்டில இருக்கற நேரம்னா கொஞ்சம் லக், தீசிஸ் எழுதற கட்டமா இருந்தா சூப்பர்வைசரும் எச்ஆரும் எழுத்துல ஒத்துக்கிட்டு கொஞ்ச நாள் இங்கேருந்தே வேல பாத்தவங்க உண்டு, சம்பளம் ஓடிட்டே இருக்கும். உங்களுக்கே மனசு ஒடைஞ்சு போய் வேல பாக்க முடியலன்னா ஜிபிய பாத்து சிக் லீவ் எடுக்கறதுல வெக்கமே வேணாம். அண்ணன் தம்பி இங்க இருந்தா முற போட்டு பாத்துக்கறதுதான் நடைமுறைல நடக்குது.

அங்க நிரந்தரமா தங்கற உரிமைக்கு, ஐஎல்ஆருக்கு, எந்த 12 மாசத்துலயும் 180 நாளுக்கு மேல நாட்டுக்கு வெளிய இருக்கக் கூடாதுங்கற கணக்கும் ஓடிட்டு இருக்கும். 5 வருஷத்த 10 வருஷமாக்கற பேச்சு வேற 2025லேருந்து ஓடுது, அதனால பாஸ்போர்ட் ஸ்டாம்ப் தேதியெல்லாம் ஒரு எக்ஸல்ல போட்டு வைங்க.

பிஎச்டி நடுவுல குழந்த பெத்துக்கலாமா? ட்ரெய்னிங்ல இருக்கும்போதா?

இத என்கிட்ட நேரடியா கேக்கறது பொண்ணுங்க மட்டும் இல்ல, அவங்க மாமியாரும் கேட்டிருக்காங்க. எப்போ வேணாலும் பெத்துக்கோங்க, ஆனா யார் காண்ட்ராக்ட்ல இருக்கும்போதுங்கறது பணத்துல பெரிய வித்தியாசம். என்எச்எஸ்ல பிரசவ லீவ் 52 வாரம்: 8 வாரம் முழு சம்பளம், 18 வாரம் பாதி சம்பளமும் சட்டப்படியான பேவும், 13 வாரம் அந்த சட்டப்படியான பே மட்டும், மிச்சம் 13 வாரம் ஒண்ணும் இல்ல. இதுக்கு 12 மாசம் தொடர் சர்வீஸ் வேணும். யூனிவர்சிட்டிக்கு மாறினா அவங்க பாலிசி வேற, உங்க பழைய என்எச்எஸ் சர்வீஸ கணக்குல எடுத்துப்பாங்களாங்கறது எடத்துக்கு எடம் மாறும். ஃபெல்லோஷிப்ப ஏத்துக்கற முன்னாடி எச்ஆர் கிட்ட இத ஒரு வரில எழுத்துல கேளுங்க, கர்ப்பமா இருக்கீங்கன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, பாலிசி என்னன்னு கேட்டா போதும்.

என்ஐஎச்ஆர், வெல்கம் எல்லாம் பிரசவ லீவுக்கு ஃபெல்லோஷிப்ப நீட்டிச்சு தருவாங்க. ஆனா யூனிவர்சிட்டில பிஎச்டி ரிஜிஸ்ட்ரேஷனையும் தனியா நிறுத்தி வைக்கணும், இல்லன்னா தீசிஸ் டெட்லைன் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். டீனரிக்கும் சொல்லி ஓஓபிஆர் முடியற தேதிய மாத்தணும். பாத்தீங்களா, மறுபடி அதே மூணு கணக்கு. லீவ்ல இருக்கும்போது 10 நாள் வரை கீப்பிங் இன் டச் டேன்னு வேலைக்கு போய் வரலாம், சம்பளம் உண்டு, லீவும் முடிஞ்சதா ஆகாது.

அம்மாவ கூப்பிடலாம், விசிட்டர் விசால ஒரு தடவைக்கு 6 மாசம் வரை இருக்கலாம். ஆனா விண்ணப்பத்துல "பேரப்பிள்ளைய பாத்துக்க வேலைக்கு வர்றாங்க"ங்கற தோரணைல எழுதாதீங்க, மகளையும் பேத்தியையும் பாக்க வர்றாங்க, அதான் உண்மை. பிப்ரவரில வர வச்சு குளிர்ல அடைச்சு வைக்காதீங்க பாவம், ஏப்ரலுக்கு மேல வரட்டும், இங்க வெயிலுக்கும் தப்பிச்ச மாதிரி இருக்கும்.

திரும்பும்போது பார்ட் டைம்ல, எல்டிஎஃப்டின்னு சொல்லுவாங்க, சேரலாம், சிசிடி தேதி அதுக்கேத்த மாதிரி நகரும். ஸ்பான்சர் விசால இருந்தா பார்ட் டைம் சம்பளம் விசாவுக்கான குறைஞ்சபட்ச சம்பளத்துக்கு கீழ போகுதான்னு பாத்துட்டு சதவீதம் முடிவு பண்ணுங்க.

3 வருஷம் லேப்ல இருந்துட்டு வார்டுக்கு திரும்பினா கை மறந்துடுமா?

கை மறக்காது, வேகம் மறந்துடும். முதல் நைட் ஆன்கால்ல ப்ளீப் (பேஜர்) அடிச்சிட்டே இருக்கும், எலக்ட்ரானிக் ரெக்கார்ட் சிஸ்டம் மாறியிருக்கும், ஆன்டிபயாடிக் கைடுலைன் மாறியிருக்கும், எஃப்ஒய்1 (முதல் வருஷ டாக்டர்) பையன் உங்கள விட வேகமா ஆர்டர் போடுவான். அந்த ராத்திரி எல்லாரும் பயப்படறாங்க, கன்சல்டன்ட்களும் இத வெளிப்படையா சொல்லியிருக்காங்க.

3 மாசமோ அதுக்கு மேலயோ வெளிய இருந்தா இங்கிலாந்துல சப்போர்டெட் ரிட்டர்ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, போறதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங், திரும்பும் முன்னாடி ஒண்ணு, வந்த பிறகு ஒண்ணு. சிமுலேஷன் கோர்ஸ், ஆரம்பத்துல கூட ஆள் வச்சு ஷிஃப்ட் எல்லாம் இதுல கேக்கலாம். முதல் ரெண்டு வாரம் நைட் வேணாம்னு கேளுங்க, கேட்டா தருவாங்க, கேக்கலன்னா ரோட்டா போடறவருக்கு நீங்க ஒரு பேர் மட்டும்தான். நம்ம ஆளுங்க கேக்க கூச்சப்படறாங்க, ஏதோ சலுகை வாங்கற மாதிரி. திரும்பற தேதிய 6 மாசம் முன்னாடியே டீனரிக்கு சொல்லிடணும், இல்லன்னா நீங்க திரும்பி வர்றதுக்கு போஸ்ட்டே காலியா இருக்காது.

பிஎச்டி காலத்துலயே வாரம் ஒரு கிளினிக் வச்சுக்கறது நல்லது. அதுக்கு மேல வேணாம், டிபார்ட்மெண்ட்ல ஆள் கொறையும்போதெல்லாம் "நீ லேப்லதான இருக்க"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க.

ஓஓபிஆர்ல சென்னை வந்து ஆராய்ச்சி பண்ணலாமா?

பண்ணலாம், பண்ணவும் பண்றாங்க. சென்னை டேட்டாவுக்கு அங்க மதிப்பு உண்டு, அதுக்கு வரலாறும் இருக்கு. 1956ல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனோட எம்ஆர்சி நாலும் சேந்து சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் மையம்தான் இன்னிக்கு என்ஐஆர்டி (தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்). டிபி நோயாளிய சானடோரியத்துல படுக்க வைக்க வேணாம், வீட்லயே மாத்திரை குடுத்தாலும் அதே அளவு குணமாகும்னு 1959ல காமிச்சது இங்க நடந்த ஆராய்ச்சி. உலகமே டிபிக்கு வைத்தியம் பாக்கற முறைய மாத்தினதுல அதுக்கு பெரிய பங்கு உண்டு. எம்ஆர்சிக்கு அப்ளிகேஷன் எழுதும்போது இந்த கதைய ஒரு வரி சேத்துக்கோங்க, அவங்க கதையும்தான் அது.

ஆனா பேப்பர் வேல டபுள். இங்க இருக்கற இன்ஸ்டிட்யூஷனோட எத்திக்ஸ் கமிட்டி ஒண்ணு, அங்க யூனிவர்சிட்டி எத்திக்ஸ் ஒண்ணு. வெளிநாட்டு கூட்டு ஆராய்ச்சின்னா டெல்லில எச்எம்எஸ்சின்னு சுகாதார அமைச்சகத்தோட ஸ்க்ரீனிங் கமிட்டி, அது ஐசிஎம்ஆர் வழியா போகணும். ரத்தம், திசு எதயாவது பெட்டில போட்டு அங்க கொண்டு போறதா இருந்தா அதயும் அதுலயே எழுதணும். க்ளினிக்கல் ட்ரயல்னா முதல் ஆள சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐல (இந்திய க்ளினிக்கல் ட்ரயல் பதிவேட்டுல) ரிஜிஸ்டர் பண்ணணும். இதெல்லாம் முடியவே மாசக்கணக்கா ஆகும், அதனால பிஎச்டி முதல் வருஷத்துலயே ஆரம்பிங்க, ரெண்டாவது வருஷம் ஃபீல்டுக்கு வரலாம். நோயாளிக்கு வைத்தியமும் பாக்கறதா இருந்தா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கணும். 180 நாள் கணக்கையும் மறந்துடாதீங்க.

பிஎச்டி முடியலன்னா?

நடக்கும். மூணாவது வருஷக் கடைசில தீசிஸ் பாதில இருக்கறது ரொம்ப சகஜம். நாலாவது வருஷம் கேக்கலாம், இல்லன்னா வார்டுக்கு திரும்பி ராத்திரில எழுதலாம், ரெண்டாவது வழில போனவங்க முகத்த பாத்தா முதல் வழிய தேர்ந்தெடுப்பீங்க. முழுசா விட்டுட்டாலும் ட்ரெய்னிங் நம்பர் போயிடாது, கிளினிக்கல் பக்கம் அப்படியே தொடரலாம், லெக்சரர் போஸ்ட்டுக்கு மட்டும் பிஎச்டியோ யூ.கே. ரிசர்ச் எம்டி தீசிஸோ வேணும்.

நான் இன்னும் சென்னைலதான் பிஜி படிக்கறேன். நடுவுல ரிசர்ச்சுக்குன்னு ஒரு வருஷம் பிரேக் எடுக்கலாமா?

அந்த மாதிரி ஏற்பாடு நம்ம எம்டி, எம்எஸ்ல கெடையாது. 3 வருஷ கோர்ஸ், 80% அட்டெண்டன்ஸ், வருஷத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவ், 5 நாள் அகாடமிக் லீவ், அதுக்கு மேல போனா அத்தன நாள் கோர்ஸ் நீளும்னு 2023 என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) விதி. பிரசவ லீவ் உண்டு. நடுவுல விட்டுட்டு போனா பாண்ட் பணம் கேப்பாங்க, சீட் பிளாக்கிங் பிரச்சன வேற, அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆர்வம் இருந்தா கோர்ஸுக்குள்ளயே பண்ணுங்க. அயப்பாக்கம் என்ஐஇ (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்தற பிசிபிஆர்ங்கற மருத்துவ ஆராய்ச்சி அடிப்படை ஆன்லைன் கோர்ஸ எல்லாரும் சர்டிபிகேட்டுக்காக வீடியோவ ஓட விட்டுட்டு தூங்கறீங்க, ஒரு தடவ ஒழுங்கா கேட்டுப் பாருங்க, நல்லாவே நடத்தறாங்க. தீசிஸ் தலைப்ப சீனியரோட பழைய தீசிஸ்லேருந்து எடுக்காம உங்க வார்டுல நெஜமா உறுத்தற கேள்விய எடுங்க. எம்டி முடிச்சப்புறம் இந்தியா அலையன்ஸ் கிளினிக்கல் ஃபெல்லோஷிப் இருக்கு, எம்ஜிஆர் யூனிவர்சிட்டில பிஎச்டி இருக்கு, ஐஐடி மெட்ராஸ்ல 2023லேருந்து மெடிக்கல் சயின்ஸுக்குன்னு தனி டிபார்ட்மெண்ட்டே இருக்கு. யூ.கே. போய்த்தான் ரிசர்ச் பண்ணணும்னு இல்ல, அதுவும் ட்ரெய்னிங் சீட்டுக்கு அங்க படிச்சவங்களுக்கு முன்னுரிமைன்னு 2025 ஜூலைல அவங்க அரசாங்கமே அறிவிச்சதுக்கு அப்புறம் ரெண்டு தடவ யோசிச்சுட்டு பிளாப் ஃபீஸ் கட்டுங்க.

என்ன பேப்பரெல்லாம் பத்திரமா வச்சுக்கணும்?

டீனரி அப்ரூவல் லெட்டர், ஜிஎம்சி அப்ரூவல் வந்த மெயில், ஃபண்டர் அவார்ட் லெட்டர், எல்லா காண்ட்ராக்ட்டும், ஒவ்வொரு வருஷ ஏஆர்சிபி அவுட்கம், பே ஸ்லிப். எதயும் என்எச்எஸ் மெயில்ல மட்டும் விட்டு வைக்காதீங்க, ட்ரஸ்ட் (என்எச்எஸ் மருத்துவமனை நிர்வாகம்) மாறின உடனே அந்த மெயில்பாக்ஸுக்குள்ள போக முடியாம போற வாய்ப்பு உண்டு. நோயாளி விவரம் எதுவும் இல்லாத இந்த லெட்டர்கள மட்டும் பர்சனல் மெயிலுக்கு ஒரு காப்பி அனுப்பிட்டு கெளம்புங்க.